பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மாலை மையம்: தொடங்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வேலை முடிந்து வீடு திரும்பும் வரை இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் வந்து இருக்க ஒரு இடம் வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து பேசியிருப்பீர்கள். நல்லது. பேச்சு அங்கேயே நின்றுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் தொடங்கியபோது எந்தத் தாளை எப்போது வாங்க வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஒரு அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். சட்டமும் படிவத்தின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும், அதை உங்கள் ஊரில்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பது எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொடங்குவது கஷ்டமில்லை. எட்டாவது மாதத்திலும் அதே நாளில், அதே நேரத்தில், அதே முகங்களோடு கதவு திறந்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். கீழே உள்ளதில் பாதி அந்த எட்டாவது மாதத்தை நினைத்து எழுதியது.

1. யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம்தான். அதற்காக 10 வயதுப் பிள்ளையையும் 17 வயதுப் பிள்ளையையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் இரண்டு பேருமே வர மாட்டார்கள். சின்னவன் பயப்படுவான், பெரியவன் வெட்கப்படுவான். 12 முதல் 15 வரை ஒரு குழு, 15க்கு மேல் ஒரு குழு என்று பிரித்து வேறு வேறு நாட்களில் வரச் சொல்லலாம். ஆள்பலம் குறைவு என்றால் ஒரே ஒரு குழுவோடு தொடங்குங்கள்.

பெண்பிள்ளைகள் வருவார்களா என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். "எல்லாரும் வரலாம்" என்று அறிவிப்பு ஒட்டிவிட்டால் வந்துவிட மாட்டார்கள். நேரம், போகிற வழி, உள்ளே பொறுப்பில் ஒரு பெண் இருக்கிறாரா என்பதையெல்லாம் வீட்டில் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. பணம் தருகிறவர்களும் சில ஆசிரியர்களும் "வம்பு பண்ணுகிற பசங்களை மட்டும் எடுத்துத் திருத்துங்கள்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்ளாதீர்கள். சிக்கலில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு நிலைமை மோசமாகலாம் என்று டிஷன், மெக்கார்ட், பூலின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1999இலேயே எழுதிவிட்டார்கள். ஆய்வு ஒரு பக்கம் இருக்கட்டும். "அது கெட்ட பசங்க போகிற இடம்" என்று பெயர் விழுந்துவிட்டால் மற்ற பிள்ளைகளும் வர மாட்டார்கள், யாருக்காகத் தொடங்கினீர்களோ அவர்களும் வர மாட்டார்கள். எல்லாரையும் கலந்து சேருங்கள். அதிகக் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குள் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

2. திட்டம் போடுவதற்கு முன் பிள்ளைகளிடம் கேளுங்கள்

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 12ஆவது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் இந்த வரி அழகாக இருக்கும் என்று பலரும் எழுதிவிட்டு, இரண்டு பிள்ளைகளை மேடையில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு முடித்துவிடுகிறார்கள். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் பிள்ளைகளின் பங்கேற்பை 8 படிகளாகப் பிரித்துக் காட்டியபோது, இந்த மாதிரி அலங்காரத்தை அடிப் படிகளில் போட்டு இதெல்லாம் பங்கேற்பே இல்லை என்றார்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, பெயர் எழுத வேண்டாம், கேள்வி இரண்டே இரண்டு: "என்ன இருந்தால் வருவாய்? என்ன இருந்தால் வரமாட்டாய்?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். எங்களுக்கு வந்த சீட்டுகளில் கணினி வேண்டும், பந்து வேண்டும் என்பவை ஒரு பக்கம் இருக்க, ஒரு சீட்டில் "பாத்ரூம் தாழ்ப்பாள்" என்று மட்டும் இருந்தது, வேறு ஒரு வார்த்தை கிடையாது. இன்னொன்றில் "வந்ததும் மார்க் கேட்கக் கூடாது" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசிய கூட்டங்களில் இந்த இரண்டையும் யாரும் சொல்லவே இல்லை.

கேட்டால் மட்டும் போதாது, எதையாவது அவர்கள் கையில் விட வேண்டும். மாதச் செலவில் ஒரு சிறு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். விதிமுறைகளையும் அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள், ஐந்தாறுக்கு மேல் போக வேண்டாம். தாங்கள் எழுதிய விதியை மீறுகிறவனிடம் அவர்கள் நம்மைவிடக் கறாராக இருப்பார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

3. இடம்: வாய்ச் சொல்லை நம்பாதீர்கள்

பள்ளியிலிருந்து நடந்து வரக்கூடிய தூரம், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரிகிற அறை, குடிநீர், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. இவ்வளவு இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் போய் இடம் பார்க்காதீர்கள். மையம் நடக்கப் போகிற அதே நேரத்தில், முடியப் போகிற அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, வெளியே யார் நிற்கிறார்கள், 13 வயதுப் பெண் தனியாக நடந்து போகிற வழியா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை உள்ளே நுழைய முடியுமா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

இலவசமாகவே இடம் கொடுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு ஒரு கூடத்தின் நிர்வாகம் "தாராளமாக நடத்துங்கள்" என்று சொல்லி இடம் கொடுத்தது. வேறு நிகழ்ச்சி வந்தபோதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டார்கள், பிள்ளைகள் பையோடு வாசலில் நின்றார்கள். இரண்டு தடவை பூட்டிய கதவைப் பார்த்த பிள்ளை மூன்றாவது தடவை வர மாட்டான். அதனால் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சாவி யாரிடம், மின்சாரம் யார் கணக்கு, பெருக்குவது யார், பூட்டு போட ஒரு அலமாரி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முக்கியமாக, ஒரு நாள் இடம் இல்லை என்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், மொத்தமாகக் காலி செய்யச் சொன்னால் எவ்வளவு அவகாசம் என்ற இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

4. பெரியவர்கள்: இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்

வரிசையில் நாலாவதாக எழுதினாலும் காலக் கணக்கில் இதுதான் முதல். காவல்துறை வழியாகப் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து தாள் கைக்கு வருவதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆகும், வாரக் கணக்கில் இழுக்கும், சில இடங்களில் மாதக் கணக்கிலும். இடம் முடிவாகட்டும், பணம் வரட்டும் என்று காத்திருக்காமல் ஆட்கள் முடிவான வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, புகைப்படங்கள் என்று எல்லாருடையதையும் ஒரே கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகும். பெயரின் எழுத்து ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் மாறியிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும், முன்பே பார்த்துவிடுங்கள்.

சரிபார்ப்பில் பழைய வழக்கு இருந்தால் தெரியும், அவ்வளவுதான். ஆளைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் அவரோடு முன்பு வேலை செய்த இரண்டு பேரிடம் நேரில் பேசுங்கள். "இவரை நம்பிப் பிள்ளைகளை விடலாமா?" என்று நேராகவே கேளுங்கள். பதில் வருவதற்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? 13 முதல் 18 வயதினருக்கு 10 பேருக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வயதினருக்கு 8 பேருக்கு ஒருவர் என்று பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. பரிந்துரைக்கிறது. உங்கள் நாட்டில் இதற்குத் தனி விதி இருந்தால் அதுதான் செல்லும். பிள்ளைகள் ஆறே பேர் வந்தாலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்றாள் யார் என்பது பட்டியலில் இருக்க வேண்டும். மாற்றாளும் இல்லையென்றால் அன்றைக்கு மையம் இல்லை, பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தொலைபேசியில் தனிச் செய்தி அனுப்பக் கூடாது, எதுவானாலும் இன்னொரு பெரியவரும் இருக்கும் குழுவில்தான். இதை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "என்னையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று ஒருவர் கோபித்துக்கொள்வார். எல்லாருக்கும் ஒரே விதி, நானும் போட்டிருக்கிறேன் என்று உங்கள் கையெழுத்தைக் காட்டுங்கள். அப்படியும் போட மாட்டேன் என்கிறவர் வேண்டாம்.

திறமைசாலிகளைத் தேடி அலையாதீர்கள் என்பது என் கருத்து. வருடத்துக்கு ஒரு முறை வந்து அருமையாகப் பேசிவிட்டுப் போகிறவரைவிட, ஒவ்வொரு செவ்வாயும் வந்து சும்மா உட்கார்ந்து கேரம் ஆடுகிறவர் பிள்ளைக்கு அதிகம் உதவுகிறார். ஒரு பள்ளிப் பருவம் முழுக்க வாரத்தில் ஒரு நாள் தவறாமல் வர முடியுமா என்று கேளுங்கள். பார்க்கிறேன், சொல்கிறேன் என்றால் அது இல்லை என்றுதான் அர்த்தம்.

5. கோப்பு

சேர்க்கைப் படிவம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும், பெற்றோர் வாசிக்கிற மொழியில் இருக்கட்டும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பாதுகாவலர் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள் வேண்டும். இரண்டாவது எண் வேறு ஆளுடையதாக இருக்க வேண்டும், ஒரே கைப்பேசியில் உள்ள இரண்டு சிம் எண்களை எழுதித் தருவார்கள். ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, தினமும் எடுக்கும் மருந்து ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். "உடல்நலப் பிரச்சினை உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் எழுதுவார்கள். வீட்டுக்கு எப்படிப் போவான், தனியாகவா, யாராவது வந்து கூட்டிப் போவார்களா? யாரோடு அனுப்பக் கூடாது என்ற கேள்வியும் இருக்கட்டும். சங்கடமான கேள்விதான், ஆனால் பிரிந்து வாழும் பெற்றோர் விஷயத்தில் அது இல்லாமல் முடியாது.

ஒப்புதல்களை ஒரே கையெழுத்தில் சுருட்டி வாங்காதீர்கள். மையத்துக்கு வர ஒன்று, வெளியே கூட்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒன்று, அவசர மருத்துவத்துக்கு ஒன்று, படம் எடுக்க ஒன்று. படம் வேண்டாம் என்கிற பிள்ளைகளின் பட்டியலைப் படம் எடுக்கிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், கோப்பில் இருந்தால் யாரும் பார்ப்பதில்லை. பெற்றோரின் கையெழுத்துக்குக் கீழே பிள்ளையும் ஒரு கையெழுத்துப் போடட்டும்.

வருகைப் பதிவேட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டும் வேண்டும். ஒரு பிள்ளை இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று இரவில் தொலைபேசி வரும்போது, "இத்தனை மணிக்குக் கிளம்பினான்" என்று சொல்ல முடிய வேண்டும். இதோடு, பக்க எண் அச்சிட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அடிபட்டது, சண்டை, பொருள் தொலைந்தது எல்லாம் அன்றன்றைக்கே தேதி, நேரம், கையெழுத்தோடு அதில் ஏற வேண்டும். தாள் கிழிக்க முடியாத நோட்டாக இருக்க வேண்டும், அதற்குத்தான் பக்க எண்.

காப்பீடு எடுக்கிறீர்கள் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: தன்னார்வலர்களுக்கும் செல்லுமா, வெளியே போகும்போது செல்லுமா, விளையாட்டுக் காயம் உண்டா? இடம் தருகிறவர்களிடம் ஏற்கெனவே காப்பீடு இருந்தால் அது உங்களுக்கும் பொருந்தும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளாதீர்கள், தாளை வாங்கிப் படியுங்கள்.

இந்தத் தாள்களெல்லாம் பிள்ளைகளின் சொந்த விவரங்கள். பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், சாவி இரண்டு பேரிடம் மட்டும்.

6. ஒரு பிள்ளை மனம் திறந்து சொன்னால்

மையம் நன்றாக நடந்தால் என்றாவது ஒரு நாள் ஒரு பிள்ளை வீட்டில் அடிக்கிறார்கள் என்றோ, அதைவிட மோசமான ஒன்றையோ உங்களில் ஒருவரிடம் சொல்லும். பெரும்பாலும் எல்லாரும் கிளம்புகிற நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொல்லும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று யோசிக்கக் கூடாது, முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். சொல்ல வேண்டி வரும், அப்போது அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. "நீ சொன்னது நல்லது, இதை உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், யாரிடம் என்று உனக்குச் சொல்கிறேன்" என்பது போதும். துருவித் துருவிக் கேட்காதீர்கள், விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. பிள்ளை பயன்படுத்திய அதே சொற்களில் அன்றைக்கே எழுதி வையுங்கள், உங்கள் விளக்கத்தைக் கலக்காமல். அப்புறம் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று முன்பே நியமித்தவரிடம் கொடுங்கள். அவர் பெயரும் எண்ணும், ஊரில் உள்ள குழந்தைகள் உதவி எண்ணும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் இருக்கக்கூடும், அதனால் நேராகப் பெற்றோருக்குத் தொலைபேசி போடாதீர்கள். யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று சட்டமே சொல்லும் நாடுகள் பல உண்டு. உங்கள் ஊரில் என்ன என்பதை மையம் திறப்பதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

பொறுப்பாளர் மீதே புகார் வந்தால் யாரிடம் போவது என்பதற்கும் ஒரு பெயர் வேண்டும். மையத்துக்கு வெளியே இருக்கிற ஒருவராக இருந்தால் நல்லது.

7. பணம்

தொகை இடத்துக்கு இடம் மாறும், விகிதம் அவ்வளவாக மாறாது. பெரிய செலவு ஆள் செலவுதான். எல்லாரும் தன்னார்வலர்களாக இருந்தாலும் ஒருவருக்காவது, பகுதி நேரமாகவாவது, சம்பளம் கொடுங்கள். சாவி, பதிவேடு, தொலைபேசி மூன்றும் அவர் கையில் இருக்கட்டும். அடுத்தது இடம், மின்சாரம், பிறகு மாலைச் சிற்றுண்டி. சிற்றுண்டியைக் குறைத்துவிடாதீர்கள். பள்ளியிலிருந்து நேராக வருகிற 14 வயதுப் பிள்ளைக்கு வயிறு காலி, வயிறு காலியாக இருக்கும்போது நீங்கள் என்ன சொன்னாலும் ஏறாது.

பணம் தருகிறவர்கள் பொருளாகத் தர விரும்புவார்கள், பெயர் பொறித்த பலகையோடு. பழைய கணினிகள் வரிசையாக வந்து இறங்கும், அவற்றைப் பழுது பார்க்க உங்களிடம் பணம் இருக்காது. "பொருள் வேண்டாம், ஆறு மாத வாடகை கொடுங்கள்" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மூன்று மாதச் செலவு கையிருப்பில் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள்.

"இதனால் என்ன பயன்?" என்று கேட்பார்கள். ஐஸ்லாந்தைச் சொல்லலாம். அங்கே 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள், 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. மாலை நேர விளையாட்டுக்கும் கலைக்கும் பொதுப் பணம் ஒதுக்கியது அதில் ஒரு பங்கு. பெற்றோர் கூட்டமைப்பு, இரவில் வெளியே இருக்கும் நேரக் கட்டுப்பாடு, மது விற்பனை விதிகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த மாற்றம். உங்கள் மையம் ஒன்றினால் மட்டும் அப்படி ஆகும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மையத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, எடுக்க இரண்டு கையெழுத்து. சில்லறைச் செலவுக்கும் துண்டு ரசீது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதா என்பதில் எங்களுக்குள் நிறைய வாக்குவாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை. என் கட்சி: வேண்டாம். கட்ட முடியாத பிள்ளை "காசில்லை" என்று சொல்லாது, சும்மா வராமல் நின்றுவிடும்.

8. மாலை நேரத்தை எப்படிப் பிரிப்பது

வந்ததும் அரை மணி நேரம் எதுவும் வேண்டாம். சாப்பிடட்டும், படுக்கட்டும், அரட்டை அடிக்கட்டும். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் வீட்டுப்பாடமோ ஏதாவது பழகுவதோ, கடைசியில் உடம்பை அசைக்கிற ஒன்று. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதினரில் ஐந்தில் நான்கு பேருக்கு அது கிடைப்பதில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. போட்டியாக வைத்தால் நன்றாக ஆடுகிற நாலு பேர்தான் ஆடுவார்கள், மற்றவர்கள் சுவரோரம் நிற்பார்கள். நடனம், கயிறு தாண்டுவது, சும்மா நடப்பது எல்லாமே கணக்கில் சேரும்.

இந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டர்லாக், வெயிஸ்பெர்க், பச்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட மையங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். படிப்படியாக, செய்து பார்த்து, அதற்கென்று நேரம் ஒதுக்கி, எதைப் பழகுகிறோம் என்று தெளிவாகச் சொல்லி நடத்தியவற்றில்தான் பலன் தெரிந்தது என்பது அவர்கள் கண்டது. "தன்னம்பிக்கை" என்று பலகையில் எழுதிப் பேசுவதற்குப் பதில், கோபம் வரும்போது பதில் சொல்வது எப்படி என்பதை இரண்டு பேர் நடித்துக் காட்டி, மாற்றி நடித்து, அடுத்த வாரம் மறுபடி செய்யுங்கள்.

இரவு வரை இழுக்காதீர்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரக்கத் தொடங்குவதே இரவில் தாமதமாகத்தான், காலையில் பள்ளியோ தாமதிக்காது. மையம் அதில் இன்னும் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

9. காலக் கணக்கு

திறக்கும் நாளுக்கு நான்கு மாதம் முன்பு பின்னணிச் சரிபார்ப்பு விண்ணப்பமும் பிள்ளைகளிடம் சீட்டுக் கேட்பதும். மூன்று மாதம் முன்பு இட ஒப்பந்தம், வங்கிக் கணக்கு. இரண்டு மாதம் முன்பு பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள், ஒரு பக்கக் கடிதத்தோடு. தேர்வு வாரத்தில் போகாதீர்கள், உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாதம் முன்பு பெற்றோர் கூட்டமும் படிவங்களும். கடைசி இரண்டு வாரத்தில் முதலுதவிப் பயிற்சி, தீப்பிடித்தால் வெளியேறும் ஒத்திகை. ஒத்திகையைப் பிள்ளைகள் வந்த முதல் வாரத்திலும் ஒரு தடவை செய்யுங்கள்.

வாரத்தில் இரண்டு நாளோடு தொடங்குங்கள். ஐந்து நாள் என்று அறிவித்துவிட்டு மூன்றாகக் குறைத்தால் பெயர் கெடும், இரண்டை மூன்றாக்கினால் கொண்டாடுவார்கள். முதல் வாரம் கூட்டம் அலைமோதும், மூன்றாவது வாரம் பாதியாகும். பயந்துபோய்ப் போட்டி, பரிசு என்று இறங்காதீர்கள். வராமல் போன பிள்ளைகளில் நாலு பேரிடம் பேசிக் காரணம் கேளுங்கள், அதில் ஒன்றைச் சரிசெய்யுங்கள். தேர்வு மாதத்தில் கூட்டம் குறையும், அதற்காகப் பூட்டிவிட வேண்டாம். சத்தமில்லாமல் படிக்கிற அறையாக மாற்றிவிடுங்கள், வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் அப்போதுதான் வருவார்கள்.

ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒரு மாலை ஒதுக்கி அலமாரியைத் திறந்து பாருங்கள். மாறிப்போன தொலைபேசி எண்கள், காலாவதியான காப்பீடு, முதலுதவிப் பெட்டியில் தேதி முடிந்த மருந்துகள், புதிதாக வந்த தன்னார்வலரின் விடுபட்ட சரிபார்ப்புத் தாள். அடுத்த பருவத்துக்கு யார் வர மாட்டார்கள் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். விலகுகிறவர் பிள்ளைகளிடம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போக ஒரு நாளும் குறித்துவிடுங்கள்.